பெயர் தைத்த துணி

வைத்தீஸ்வரன்கோயில் அம்பாளுக்குத் தையல்நாயகி என்று பெயர். பழந்தமிழில் தையல் என்றால் பெண். ஊசியில் நூல் கோத்துத் துணியை மூட்டுவதும் தையல்தான். இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பதை மொழியறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். காவிரிக் கடைமடை ஊர்களில் தையல்நாயகி என்ற பெயர் ஒரு காலத்தில் வீதிக்கு வீதி கேட்டது. அந்தப் பெயர்க்காரிகளில் சிலராவது பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் உட்கார்ந்து, ஒரு சாண் வெள்ளைத் துணியில் காஜா சரியாக வராமல் டீச்சரிடம் குட்டு வாங்கியிருப்பார்கள்.

அந்த ஒரு சாண் துணிக்கு வயது நானூறுக்கும் மேல். அது வந்த வழியும் நேர்வழி இல்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர், சென்னை எழும்பூர், தரங்கம்பாடிக் கடற்கரை, நாகர்கோவில் என்று சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

ஐரோப்பாவில் அதற்கு சாம்ப்ளர் என்று பெயர். தமிழில் மாதிரித் துணி என்றால் பொருந்தும். எட்டு வயதிலிருந்து பதிமூன்று வயதுக்குள் இருக்கும் பெண்பிள்ளை, லினன் துணியில் பட்டு நூலால் அகரவரிசையைத் தைப்பாள். பிறகு எண்கள், ஓரத்தில் பூக்கொடி, ஒரு வீடு, இரண்டு பறவைகள். கடைசியில் தன் பெயர், வயது, முடித்த வருஷம். பார்வைக்கு அலங்காரமாகத் தெரிந்தாலும் இதற்கு அடுப்பங்கரை அளவுக்கு நடைமுறையான காரணம் ஒன்று இருந்தது. வசதியான வீடுகளில் படுக்கை விரிப்பு, துவாலை, மேசைத்துணி எல்லாம் டஜன் கணக்கில் இருக்கும். எது யாருடையது, எந்த ஜோடியில் எத்தனையாவது என்று மூலையில் எழுத்தும் எண்ணும் தைத்துக் குறிக்க வேண்டும். நம் ஊரில் அந்த வேலையைச் சலவைக்காரர் சேராங்கொட்டை மையால் செய்தார். அங்கே வீட்டுப் பெண் குறுக்குத் தையலால் செய்தாள். அந்தக் குறி போடக் கற்றுக்கொள்ளும் சிலேட்டுதான் முதலில் மாதிரித் துணி.

இங்கிலாந்தில் தேதியோடு கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது 1598ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜேன் பாஸ்டாக் என்பவர் தைத்தது, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆலிஸ் லீ என்ற குழந்தை பிறந்த நாளை அந்தத் துணியில் குறித்திருக்கிறார். நம் வீடுகளில் பிள்ளை பிறந்த நேரத்தைப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் கிறுக்கி வைப்பார்களே, அதைப் போல.

இந்த மரபில் தனி வழியில் போனவர்கள் குவேக்கர்கள். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவு அது. குருமார் இல்லை, சடங்கு இல்லை, பகட்டான உடை கூடாது, மௌனமாக உட்கார்ந்து வழிபடுவார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் கடவுள் ஒரே மாதிரி உள்ளொளி தந்திருக்கிறார் என்று நம்பியதால் பெண்பிள்ளைகளையும் படிக்க வைத்தார்கள். ஜான் ஃபாதர்கில் என்ற மருத்துவரின் முயற்சியால் 1779இல் யார்க்‌ஷயரில் ஆக்வொர்த் பள்ளி திறந்தது. அதிக வசதியில்லாத குவேக்கர் குடும்பங்களின் பையன்களும் பெண்களும் அங்கேயே தங்கிப் படித்தார்கள். ஆரம்பக் காலத்தில் விடுமுறை என்பதே கிடையாது. உள்ளே போன பிள்ளை வருஷக்கணக்கில் வீட்டைப் பார்க்காது.

ஆக்வொர்த் பெண்கள் தைத்த துணியை நூறு துணிகளுக்கு நடுவிலும் அடையாளம் காணலாம். மற்றவர்களுடையதில் இருக்கும் ஆதாம் ஏவாள், அரண்மனை, ஆட்டுக்குட்டி எதுவும் இதில் கிடையாது. வட்டம்போல் தெரியும் எண்கோணங்கள்தான் துணி முழுக்க. ஒன்றினுள் ஜோடிப் புறா, ஒன்றினுள் பூங்கொத்து, ஒன்றினுள் வெறும் வடிவக் கணக்கு. ஓரங்களில் அதே வட்டங்கள் பாதியாக வெட்டப்பட்டு நிற்கும். எழுத்தும் அச்செழுத்துபோல நிமிர்ந்த, சுழியில்லாத எழுத்து. வட்டங்களுக்கு நடுவே ஈரெழுத்துச் சுருக்கங்கள் சிதறிக் கிடக்கும். அவை கூடப் படித்த தோழிகளின், ஆசிரியைகளின் பெயர் முதலெழுத்துகள். விடுமுறையே இல்லாத பள்ளியில் பக்கத்துக் கட்டில்காரிதான் உறவு.

இழையை எண்ணி, எண்ணி, ஒரு இழை தப்பினாலும் மொத்த வட்டமும் கோணிப்போகும் அந்த வேலையைத் தஞ்சை மாவட்டத்துப் பெண்ணிடம் காட்டினால் அவளுக்குப் புதிதாகத் தோன்றாது. பதினைந்து புள்ளி, இடுக்குப் புள்ளி, எட்டில் நிறுத்தவும் என்று மார்கழிக்கு முன்பே நோட்டில் வரைந்து வைத்துக்கொள்பவள் அவள். கோல நோட்டும் ஒரு மாதிரித் துணிதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கிப் பார்த்து வரைந்தது, வார இதழில் வந்ததை வெட்டி ஒட்டியது, தானாகவே மாற்றிப் போட்டது என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு வித்தியாசம் உண்டு. கோலத்தில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. காலை பத்து மணிக்குள் மிதிபட்டு அழிந்துபோவதில் கையெழுத்து எதற்கு?

குவேக்கர் பள்ளிகளில் இழையோட்டும் மாதிரிகளும் உண்டு. நல்ல துணியை வேண்டுமென்றே ஓட்டை போட்டு, அந்த ஓட்டையை நெசவுபோலவே நூலால் அடைக்க வேண்டும். வண்ண நூலில் செய்வதால் ஒவ்வொரு ஒட்டும் சிறிய கட்டம் போட்ட லுங்கித் துணிபோல அழகாக இருக்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1799இல் தொடங்கிய வெஸ்ட்டவுன் என்ற குவேக்கர் பள்ளி இன்னும் ஒரு படி மேலே போனது. பந்துபோலத் துணியைத் திணித்து, மேலே பட்டுப் போர்த்தி, அதன்மேல் அட்ச ரேகை, தீர்க்க ரேகை, கண்டங்கள், சமுத்திரங்கள் என்று உலக உருண்டையையே பெண்கள் தைத்தார்கள். பூகோளமும் தையலும் ஒரே பாடம்.

எல்லா மாதிரித் துணியும் இப்படிப் பூவும் புறாவுமாக இருந்துவிடவில்லை. சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் பார்க்கர், 1813இல் பிறந்தவர், சிறு வயதிலேயே வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர். 1830 வாக்கில் வெள்ளைத் துணியில் சிவப்புப் பட்டு நூலால், பூவேலை ஏதும் இல்லாமல், வரிக்கு வரி தன் கதையைத் தைத்தார். தனக்கு எழுதத் தெரியாது என்று சொல்லிவிட்டு, வேலை பார்த்த வீட்டில் பட்ட கொடுமையையும், உயிரை விட்டுவிட நினைத்ததையும் அத்தனை சிறிய குறுக்குத் தையலில் பதிந்திருக்கிறார். கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறது. அதற்குப் பிறகு துணியில் இடம் நிறைய இருந்தும் ஒரு தையல்கூட இல்லை. பார்க்கும் யாரும் அவள் செத்துவிட்டாள் என்றே நினைப்பார்கள். ஆனால் எலிசபெத் பள்ளி ஆசிரியையாகி முதுமை வரை வாழ்ந்தார். அந்தத் துணியும் ஜேன் பாஸ்டாக்கின் துணி இருக்கும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

இன்றைக்கு இவற்றுக்குச் சந்தை மதிப்பும் உண்டு. குவேக்கர்கள் நிறைந்திருந்த நியூஜெர்சியின் பர்லிங்டன் பகுதியில் மேரி ஆண்ட்ரிம் என்ற பெண் 1807இல் தைத்த துணி, 2012 ஜனவரியில் நியூயார்க் ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கும் மேல் போனது. பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடத்துக்கு அந்த விலை!

அது சீமைக் கதை, நமக்கென்ன என்று தள்ளிவிட முடியாதபடி நடுவில் ஒரு சட்டாம்பிள்ளை வந்து நிற்கிறார்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர்தான். மூத்த பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தார் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதைப் பார்த்தார். ஆசிரியர்கள் பற்றாத தன் விடுதியில் அப்படியே செய்து பார்த்தார். பிள்ளைகள் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள், செலவு குறைந்தது, பாடம் ஏறியது. ஊர் திரும்பியதும் 1797இல் அதைப் புத்தகமாகப் போட்டார். சென்னை முறை என்றே அதற்குப் பெயர் வந்தது. மறு வருஷம் லண்டன் பரோ ரோடு பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் இதே வழியில் போய், ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்காரவைத்து, சட்டாம்பிள்ளைகளை வைத்தே நடத்திக்காட்டினார். லங்காஸ்டர் ஒரு குவேக்கர்.

யார் முதலில் என்று பெல்லின் ஆட்களும் லங்காஸ்டரின் ஆட்களும் பல வருஷம் சண்டை போட்டார்கள். எந்தத் திண்ணையில் பார்த்தது என்பதை மட்டும் யாரும் அதிகம் கேட்கவில்லை.

லங்காஸ்டரின் வழியில் வந்த பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின் ஸ்கூல் சொசைட்டி, பெண்கள் பள்ளிக்குத் தையலையும் எழுத்துப்போலவே வகுப்பு வகுப்பாகப் பிரித்தது. முதல் வகுப்புச் சிறுமிக்குத் துணி கிடையாது. பழைய காகிதத்தை மடித்து ஓரம் அடித்துப் பழக வேண்டும். கை படிந்த பிறகுதான் துணி. பிறகு மூட்டுத் தையல், காஜா, கொசுவம், ஒட்டு, இழையோட்டல், குறியெழுத்து. இவர்களது கையேட்டில் பெண்பிள்ளைகள் தைத்த சிறு சிறு துண்டுகளையே பக்கத்தில் ஒட்டி வைத்தார்கள். அயர்லாந்தில் டப்ளினின் கில்டேர் பிளேஸ் சங்கமும் 1830களில் அப்படி ஒரு புத்தகம் போட்டது. உள்ளங்கை அளவுச் சட்டை, விரல் நீளக் காலுறை எல்லாம் அதில் ஒட்டப்பட்டிருக்கும். வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டும் மாதிரித் துணி, பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகமாக மாறியது இந்தக் கட்டத்தில்தான். நம் தையல் டீச்சர்களின் கைக்கு வந்து சேர்ந்தது இந்த நோட்டு.

இனித் தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1706 ஜூலை 9 அன்று மிஷனரி பார்த்தலோமேயு சீகன்பால்கு இங்கே வந்து இறங்கினார். அச்சுக்கூடம், தமிழில் புதிய ஏற்பாடு என்று அவரைப் பற்றித் தமிழர்கள் நிறையப் படித்திருக்கிறார்கள். 1707இல் அவர் பெண்பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளியையும் விழா மேடைகளில் குறிப்பிடுவார்கள். அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று பேச்சு வரும்போது வாசிப்பு, எழுத்து, வேதபாடம் என்று நிறுத்திக்கொள்வார்கள். நூல் நூற்பதும் பின்னுவதும் அந்தப் பாடத்தில் உண்டு. சீகன்பால்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்து மரபில் வந்தவர். ஃப்ராங்கே அங்கே நடத்திய அநாதைப் பள்ளிகளில் பெண்பிள்ளையின் ஒரு கையில் புத்தகம், மறு கையில் பின்னலூசி. கப்பலில் அந்தப் பழக்கமும் கூடவே வந்து இறங்கியது.

ஊசி என்பது சோழ மண்டலக் கடற்கரைக்குப் புதிதா என்ன? துணிக்கே பேர்போன கரை இது. சாயம் தோய்த்த பூத்துணி இங்கிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பா போய், அங்குள்ள நெசவாளிகள் பிழைப்புக்கு ஆபத்து என்று பிரான்சும் பிரிட்டனும் தடைச்சட்டமே போட்டன. தேர்ச் சீலை, தொம்பை, கோயில் குடை என்று துணியை வெட்டி ஒட்டித் தைக்கும் கைவேலை தஞ்சை, கும்பகோணம் பக்கம் இன்றும் நடக்கிறது. ஆனால் அதெல்லாம் பெரும்பாலும் ஆண்கள் பட்டறையில் செய்யும் தொழில். வீட்டுப் பெண்ணுக்கு ஊசி தேவைப்படவில்லை. புடவைக்குத் தையல் வேண்டாம், வேட்டிக்கு வேண்டாம். ரவிக்கை போடாத பாட்டிமார்கள் கீழத்தஞ்சையில் போன நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் இருந்தார்கள். தைத்த உடைக்குரிய சொற்களைக் கவனித்தாலே இது விளங்கும். பொத்தான், காஜா, லேஸைக் குறிக்கும் ரேந்தை ஆகிய மூன்றும் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொற்கள்.

கடைமடையிலிருந்து ஊசி தெற்கே போன கதை இதைவிடச் சுவையானது. குமரி மாவட்டத்து மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம், சிதம்பரத்துக்கு யாத்திரை வந்தவர், திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர்களைப் பார்க்கத் தங்கினார். அங்கே மிஷனரி கோலாஃபைச் சந்தித்துக் கிறிஸ்தவரானார். வேதமாணிக்கத்தின் அழைப்பின் தொடர்ச்சியாகத்தான் தரங்கம்பாடியில் தமிழ் கற்றுக்கொண்டிருந்த மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குப் போனார். அடுத்து வந்த சார்லஸ் மீட் மணந்த ஜொஹானா செலஸ்டினா, தஞ்சாவூர் மிஷனில் பணியாற்றிய ஹோர்ஸ்ட்டின் மகள். 1819 கடைசியில் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அப்போது தொடங்கிய பெண்கள் பள்ளிதான் இன்றைய டதி பெண்கள் மேல்நிலைப் பள்ளி. 1821இல் மார்த்தா அங்கே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்.

கடினமான தலையணை ஒன்றில் வரைபடத்தைக் குத்தி, குண்டூசிகள் நட்டு, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது அந்த லேஸ். துணியே இல்லாமல் வெறும் நூலில் பூவும் இலையும் உருவாகும். பள்ளியில் சேர்ந்த பெண்களில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே, லேஸ் விற்ற காசைச் சேர்த்து உடைமைக்காரரிடம் விலை கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் நாகர்கோவிலில் இருந்திருக்கிறார்கள். குறுக்கும் நெடுக்குமாக நூலை மாற்றிப் போட்டே விடுதலைக்குக் காசு சேர்த்த அந்தப் பெண்களுக்கு ஆக்வொர்த்திலும் வெஸ்ட்டவுனிலும் ஈடு கிடையாது.

இதே ஊசிதான் குப்பாயத்தையும் தைத்தது. மேலாடை அணியக் கூடாது என்று தடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்காக மிஷன் பெண்மணிகள் வடிவமைத்துத் தைக்கச் சொல்லிக்கொடுத்த சட்டை அது. அதைக் கிழித்தார்கள், பள்ளிகளைக் கொளுத்தினார்கள். தோள்சீலைக் கலகம் என்று வரலாறு சொல்லும் அந்தப் பிணக்கு 1822இல் வெடித்து, விட்டு விட்டு எரிந்து, 1859 ஜூலை அரசாணையில்தான் ஓரளவு தணிந்தது. தையல் வகுப்பு என்றால் வீட்டுக்கு அடங்கிய பெண்ணைத் தயாரிப்பது என்று இன்று பேசுகிறோம். அது பொய்யில்லை. ஆனாலும் தைக்கத் தெரிந்ததாலேயே அடிபட்ட பெண்களும் இந்த நாட்டில் இருந்தார்கள்.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். அங்கேயும் பெண்கள் விடுதிப் பள்ளி, அங்கேயும் லேஸ். கணவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் அச்சானதைத் தமிழ் படித்தவர் எல்லாரும் சொல்வார்கள். அந்த வீட்டின் இன்னொரு பக்கத்தில் மரக்கட்டைகள் கடகடத்துக்கொண்டிருந்ததைச் சொல்பவர்கள் குறைவு.

இந்த லேஸில் ஒரு குறை உண்டு, குறை என்று சொல்வது சரியா தெரியவில்லை. அதில் பெயர் இல்லை. மேரி ஆண்ட்ரிம் தன் பெயரைத் துணியில் தைத்தாள், இருநூறு வருஷம் கழித்து ஏலக்காரர் அதைச் சத்தமாக வாசித்தார். லேஸ் விற்பனைக்குப் போகும் பண்டம். வெள்ளைக்காரச் சீமாட்டியின் கழுத்துப் பட்டையில் ஏறும்போது அதைப் பின்னிய தமிழ்ப் பெண் யாரென்று சொல்ல ஒரு எழுத்துக்குக்கூட அதில் இடமில்லை. நாகர்கோவில் லேஸ், இடையன்குடி லேஸ் என்று ஊர்ப்பெயரும், மிஸஸ் மால்ட், மிஸஸ் கால்டுவெல் என்று துரைசானிகள் பெயரும்தான் ஒட்டிக்கொண்டன.

பெயர் இருந்தாலும் அது யார் பெயர் என்ற கேள்வி இருக்கிறது. யாழ்ப்பாணம் உடுவிலில் அமெரிக்க மிஷனின் ஹாரியட் வின்ஸ்லோ 1824இல் பெண்கள் விடுதிப் பள்ளி தொடங்கினார். ஒரு பிள்ளைக்கு வருஷச் செலவைக் கொடுக்கும் அமெரிக்க நன்கொடையாளர், தாம் விரும்பும் பெயரை அந்தப் பிள்ளைக்குச் சூட்டலாம் என்பது அந்த மிஷனின் வழக்கம். வள்ளியம்மையாகவோ பொன்னம்மாவாகவோ வீட்டை விட்டுப் புறப்பட்ட பெண், பாஸ்டனில் இருக்கும் யாரோ ஒருவரின் பெயரோடு வகுப்பில் உட்கார்ந்தாள். ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்காக நடந்த மிஷன் பள்ளிகளில் 1820களிலும் 30களிலும் தைக்கப்பட்ட மாதிரித் துணிகள் சில இன்றும் கிடைக்கின்றன. காரணம், நன்கொடையாளர்களுக்கு ரசீதுபோல அவை இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் இருப்பதும் ஆங்கிலப் பெயர்களே. பெயரைத் தைத்த விரல் அவளுடையது, பெயர் வேறொருவருடையது.

கப்பல் ஏறிப் போன துணி பிழைத்தது. ஊரில் தங்கியது பிழைக்கவில்லை. காவிரிப் படுகை துணிக்குக் கெட்ட இடம். ஐப்பசி மழையில் சுவரே வியர்க்கும். பெட்டிக்குள் ராமபாணப் பூச்சி, தரையிலிருந்து கரையான், ஓட்டிலிருந்து ஒழுக்கு. ஓலைச்சுவடியைப் பிரதி எடுத்துப் பிரதி எடுத்துக் காப்பாற்றினார்கள். ஒரு சிறுமியின் தையல் பாடத்தை யார் பிரதி எடுப்பார்கள்? தரங்கம்பாடியில் சீகன்பால்கு எழுதியவை ஹாலேயில் பத்திரமாக இருக்கின்றன. அவருடைய பள்ளியில் பின்னிய பெண்களின் விரல்வேலை காற்றோடு போய்விட்டது.

ஊசி பிரெஞ்சு வழியாகவும் வந்தது. புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் வீதியில் க்ளூனி கன்னியர் மடத்துப் பூத்தையல் கூடம் இருக்கிறது. பழைய பிரெஞ்சு மாளிகை. உயரமான ஜன்னல் ஓரங்களில் பெண்கள் உட்கார்ந்து மேசைத்துணிகளில் பூத்தைக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வது நல்லது. இழையை எண்ணிக்கொண்டிருப்பவர்களின் கணக்குத் தப்பினால் பிரிக்க வேண்டியிருக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் தையல் எல்லாருக்குமான பள்ளிப் பாடமாயிற்று. அரசுப் பள்ளி, மடத்துப் பள்ளி, தரும ஸ்தாபனப் பள்ளி என்று பேதமில்லாமல் மாயவரத்திலும் மன்னார்குடியிலும் திருவையாற்றிலும் வாரத்துக்கு ஒன்றிரண்டு பீரியட் தையல். கில்டேர் பிளேஸ் புத்தகத்தின் பேத்தி இங்கே தையல் நோட்டு என்ற பெயரில் வாழ்ந்தாள். கோடு போடாத நீள நோட்டு, பழுப்பு நிற அட்டை. இடது பக்கத்தில் தேவையான பொருள்கள், செய்முறை, பயன். வலது பக்கத்தில் மாதிரி. கிடைக்கும் துணி லாங்கிளாத். ஒரு காலத்தில் இந்தக் கரையிலிருந்தே கம்பெனிக் கப்பல்களில் போன துணி அது, பெயரை மட்டும் ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. ஓட்டுத் தையல், பின் தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல், மீன்முள் தையல், ஹெம்மிங், காஜா, பொத்தான் கட்டுதல், ஒட்டுப் போடுதல், இழையோட்டுதல். கடைசிப் பக்கங்களில் கையகலத்தில் ஒரு ஜபலா, ஒரு ஜட்டி. மேட்டித் துணியில் குறுக்குத் தையலில் ஒரு கிளி.

பாதி நோட்டை அம்மாவோ அத்தையோ தைத்துக் கொடுத்திருப்பார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். நல்ல தையல் டீச்சர்களுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது: துணியைப் புரட்டிப் பார்ப்பார்கள். முன்பக்கம் பொய் சொல்லும், பின்பக்கம் சொல்லாது. முடிச்சு எங்கே, நூல் எங்கிருந்து எங்கே தாவியிருக்கிறது என்பதில் வயசு தெரிந்துவிடும். அருங்காட்சியகங்களில் ஆக்வொர்த் துணிகளை ஆராய்கிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். வெயில் படாத பின்பக்கத்தில் பட்டு நூலின் நிஜ நிறமும் தெரியும்.

இந்த நோட்டைப் பிழைப்பாக்கிக்கொண்ட பெண்களும் ஏராளம். அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் தையல் லோயர், ஹையர் என்று இரண்டு படி. அதற்குமேல் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கினால் தையல் டீச்சர் ஆகலாம். இளம் வயதில் கணவனை இழந்தவர்கள், கல்யாணமாகாமல் குடும்பத்தைத் தூக்கியவர்கள் என்று எத்தனையோ பேருக்கு மேலே படிக்க வழியில்லாத காலத்தில் அரசுச் சம்பளத்துக்கு இருந்த குறுகலான கதவு இது. இன்று அந்த வேலை பெரும்பாலும் பகுதி நேரம். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதி நேரப் பயிற்றுநர்கள் தமிழகம் முழுக்க நியமிக்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடும் செய்தி அடிக்கடி நாளிதழில் வரும். இன்னொரு பக்கம், சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு இலவசத் தையல் இயந்திரம் தருகிறது. இயந்திரத்தை ஓட்டும் கைக்கு இழையோட்டத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. கிழிந்ததை அடைப்பதைவிடப் புதிதாக வாங்குவது சுலபம் என்றான பிறகு அந்தப் பக்கம் நோட்டிலிருந்தே போய்விட்டது.

பழைய தையல் நோட்டு எந்த வீட்டுப் பரணிலாவது இன்னும் கிடக்கலாம். அட்டையில் லேபிள் ஒட்டியிருக்கும்: பெயர், வகுப்பு எட்டு ‘ஆ’, பாடம் தையல். உள்ளே சிவப்பு மையில் டீச்சரின் சுருக்கொப்பமும் தேதியும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதைக் கீழே இறக்கினால் பழைய பேப்பர்காரரிடம்தான் போகும். அவர் ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு, துணி ஒட்டிய பக்கங்களைக் கிழித்துத் திண்ணையில் வைத்துவிட்டு, மீதியைத் தராசில் போடுவார்.